அத்தைக்குப் பிடித்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை

என் ஆசை அத்தைக்கு,

கல்யாணமாகி ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்த முதல் வாரமே உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? விளக்கு வைக்கிற நேரத்தில் சமையலறையிலிருந்து, "அத்தை, அரிசி காலி!" என்று கத்திவிட்டேன். "வெளக்கு வெச்ச நேரத்துல காலி, இல்லன்னு வாயில வரலாமா? நெறஞ்சிருக்குன்னு சொல்லும்மா" என்றீர்கள். சொன்னேன். உங்கள் பையன் அதை அப்படியே நம்பி, கடைக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் உப்புமாதான்.

அடுத்த தடவை நான் உஷாராக, "அத்தை, அரிசி எம்ப்டி" என்றேன். கொஞ்சம் யோசித்தீர்கள். "லட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாதில்ல? அப்ப பரவால்ல."

அதற்குப் பிறகு அந்த வார்த்தை உங்களுடையதாகிவிட்டது. எண்ணெய் எம்ப்டி, பஸ் எம்ப்டி, என் நாத்தனார் புருஷன் மண்டையும் எம்ப்டி. அல்சூர் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோக்காரர், "எம்ப்டியா திரும்பணும்மா, மேல போட்டுக் குடுங்க" என்றால் விடுவீர்களா? "காலையில நானும் எம்ப்டி பையோடதாம்பா போனேன். எனக்கு யாரு மேல போட்டுக் குடுத்தா?" அவரே சிரித்துவிட்டார்.

சுகர் டெஸ்ட் கதையை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எம்ப்டி ஸ்டமக்கில் வரச் சொன்னார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு, பெரிய டம்ளர் நிறைய காபி குடித்துவிட்டு வந்தீர்கள். லேபில் இருந்த பெண் கேட்டதும், "காபி எப்படிம்மா சாப்பாடாகும்? அது குடிக்கிறதுதானே!" என்று அவளிடமே சண்டை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வழியில் தர்ஷினி ஹோட்டலைப் பார்த்ததும், "டெஸ்ட்டே இல்லன்னு ஆச்சு, இனிமே எதுக்குப் பட்டினி?" என்று உள்ளே நுழைந்து இட்லி வாங்கினீர்கள். சர்க்கரைப் பொங்கலும்!

நீங்கள் போன பிறகு அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், "வீடே எம்ப்டியா இருக்கு" என்றார்கள். உங்கள் பையன் உங்கள் அறையைச் சாத்தியவர்தான், திறக்கவேயில்லை. வேலை விட்டு வந்ததும் அந்தக் கதவின் முன்னால் போய்ச் சும்மா நிற்பார். உள்ளே போகமாட்டார், என்னையும் விடமாட்டார். எனக்குப் பயமாக இருந்தது அத்தை. கேலியும் கிண்டலுமாக இருந்த மனுஷர் இப்படியே ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? யாருக்காவது அந்த அறையை விடலாமே, வீடு கலகலவென்றிருக்குமே என்று கேட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண், தோளில் பெரிய பையோடு. ஹாசன் பக்கமாம். இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க இடம் தேடி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "ஆன்ட்டி, ரூம் காலி இதெயா?" என்றாள் கன்னடத்தில், ரூம் காலியாக இருக்கிறதா என்று.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், வாசற்படியில் நின்றுகொண்டு! காலி என்று சொல்லிவிட்டாளே! உங்கள் பையன் வழக்கம்போல அந்தக் கதவின் முன்னால்தான் நின்றிருந்தார். "காலி இல்லம்மா. அது நம்மம்மன ரூமு" என்றார், எங்கம்மாவோட ரூம் என்று.

"ஸாரி அங்கிள்" என்று அவள் திரும்பினாள். வாடிப்போன முகம். இவர் அவளையே பார்த்தார். பிறகு, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்று தலையசைத்தாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்தார் அத்தை. ஜன்னலையும் திறந்தார். உங்கள் கட்டிலைத் துடைத்துக்கொண்டே அழுதார், நானும் அழுதேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது உங்கள் ஜன்னல் கம்பியில் அவளுடைய துப்பட்டா காய்கிறது. சாயங்காலமானால் அவளும் உங்கள் பையனும் கிரிக்கெட் பேசி வீட்டை இரண்டாக்குகிறார்கள். நேற்று அவர் வாய்விட்டுச் சிரித்ததில் எனக்குத் தோசை தீய்ந்துவிட்டது.

கவலைப்படாதீர்கள் அத்தை. உங்கள் பையனை இனி எந்தக் கதவின் முன்னாலும் தனியாக நிற்கவிட மாட்டேன்.

உங்கள் மருமகள்,
சரளா