தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஒயின்

மெதோக், செப்டம்பர் 1893

அன்புள்ள அம்மாவுக்கு மார்சியால் பணிந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பார்வை போன அப்பா தடியூன்றி நடக்கப் பழகிவிட்டாரா? எழுத்து கோணலாக இருக்கும், மேசை ஆடுகிறது.

திராட்சை அறுப்பு நடக்கிறது. கொடியில் ஒரு குலையை விட்டுவிட்டுப் போகிறவன் முகத்தில் அதையே பிசைந்து பூசுவது இங்கே வழக்கம். செவ்வாய்க்கிழமை நான் அகப்பட்டேன். பூசியவன் பக்கத்து வரிசை பாப்திஸ்து. நானும்தான் சிரித்தேன். அதோடு விட்டானா?

"அப்பன் மாதிரியே உனக்கும் கண்ணு அவிஞ்சு போச்சாடா?" என்றான்.

மரவாளியால் அவன் வாயிலேயே ஒன்று போட்டேன். இரண்டு பல் தெறித்தன. தலையைத் திராட்சைத் தொட்டிக்குள் அமுக்கினேன். உள்ளே கிடந்தபடியே அவன் அறுப்புக் கத்தியை வீசினான். நாலு பேர் இழுத்த பிறகுதான் விட்டேன். பிழைத்துக்கொண்டான். எனக்குச் சின்னக் காயம்தான்.

மேலாளர் லாஃபர்க் ஓடிவந்து, 1870ஆம் வருஷத்து ஒயினைக் கொட்டி என் கையைக் கழுவினார். பாரிஸ் பிரபுக்கள் தவம் கிடந்து வாங்கும் சரக்கு!

"தொட்டியெல்லாம் ரத்தம். கொட்டிடவாய்யா?" என்றான் வண்டிக்காரன்.

"பைத்தியமா உனக்கு? நூறு வருஷமா இந்தத் தோட்டத்துல ஒரு குலை வீணானதில்ல. பிழியக் கொண்டு போ."

தொட்டியில் தேடக்கூட விடவில்லை, அம்மா.

அப்பாவுக்கு வாசிக்கும்போது பாப்திஸ்து சொன்னதை விட்டுவிடுங்கள். தபால்காரர் அவசரப்படுத்துகிறார். குளிருக்குக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்புங்கள். வலது கைக்கு மூன்று விரல் போதும்.

மார்சியால்