ஒன்பதாவது அடுக்கில் துத்தநாகம்

மார்ச் 4
காயல் சேற்றின் முடிவுகள் வந்துவிட்டன. அடுக்கடுக்காக வெட்டிய சேறு. கீழே போகப் போகப் பழைய காலம். மண்ணில் இயல்பாகவே இருக்கும் அலுமினியத்துக்கு எத்தனை பங்கு துத்தநாகம் என்று அடுக்குவாரியாகப் பார்த்தால், கரையில் ஆலை வந்த காலம் தெரிந்துவிடும். ஒன்பதாவது அடுக்கில் மட்டும் விகிதம் எகிறி நிற்கிறது. எங்கள் ஆய்வகப் பிரிவுத் தலைவிக்கு வாயெல்லாம் பல். ஆலைக் கழிவு கையும் களவுமாக மாட்டியது என்கிறார்.

எனக்குத்தான் உற்சாகமில்லை. அந்தச் சேற்றை வெட்டியவர் என் வீட்டுக்காரர். ஆய்வுக் கப்பலில் வேலைக்குப் போய் ஆறு மாதம். இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். நீ என்ன சொல்றே என்று போனில் கேட்டார். உங்க இஷ்டம் என்றேன். வா என்று சொல்ல எனக்கென்ன வாயா இல்லை?

மார்ச் 5
இல்லைதான் போலிருக்கிறது.

மார்ச் 11
ஆலை என்றால் ஈயமும் செம்பும் கூடவே ஏறியிருக்க வேண்டுமே — துத்தநாகம் மட்டும் ஏன்? நெடுக்காகப் பிளந்து வைத்திருந்த சேற்றின் மறுபாதியில் அதே அடுக்கை எடுத்து அளந்தேன். ஒன்றுமில்லை. அப்படியானால் இது காயலுக்கு வந்ததல்ல. வெட்டும்போது யார் கையிலிருந்தோ ஒட்டியது.

யார் கை என்று எனக்குத் தெரியாதா? சேறு வெட்டும் குளிரறையில் நின்று நின்று என் வீட்டுக்காரருக்கு விரலெல்லாம் வெடிப்பு. அதற்குத் தடவும் வெள்ளைக் களிம்பில் இருப்பது துத்தநாகம்தான்.

அந்த எண்ணை நீக்கிவிடத் தலைவி சொல்லிவிட்டார். இன்னும் நீக்கவில்லை. என் வீட்டுக்காரர் விரல் பட்ட இடம் அது. எண்ணைப் பார்த்து அழுதுட்டு இருக்கேன் — பைத்தியமா எனக்கு?

மார்ச் 12
போன் செய்தேன், வேலை விஷயம் என்று சாக்கு. களிம்புக் கையோடு வெட்டினீர்களா என்றதும் சிரித்துவிட்டார். கையுறை கிழிந்திருந்ததாம், ஒரே ஒரு துண்டுதானே என்று விட்டுவிட்டாராம்.

"வந்துடுங்களேன்" என்றேன்.

"நேத்துதான் கையெழுத்துப் போட்டேன். நீ கூப்பிடவே மாட்டேன்னு நினைச்சேன்."

மார்ச் 13
அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோபத்தை யார்மேல் காட்டுவது?

ஒன்பதாவது அடுக்கை நீக்கிவிட்டேன். வரைபடத்தில் கோடு மேடு பள்ளமில்லாமல் ஓடுகிறது. திருத்திய அறிக்கையை வாங்கும்போது, ஆலை தப்பிவிட்டதே என்று தலைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 20
இன்று வீட்டுக்காரரே போனில் கூப்பிட்டார். கப்பலில் சேறு அளக்க ஓர் ஆள் தேடுகிறார்களாம். சொன்ன வாயோடு, "உனக்கு ஆகாது, விடு. கட்டிப்போட்ட படகுல உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கறவ நீ" என்றார். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2
மருந்துக்கடையில் கப்பல் வாந்திக்கு மாத்திரை கேட்டேன். எத்தனை நாளைக்கு என்றார் கடைக்காரர்.

ஒரு வருடத்துக்கு என்றேன்.