முழு வெளிச்சம்

06.10 – வழக்கமான பதிவு
தென்முனை நிலா நிலையம். ஆள்கள் இருவர். நான் குலசேகரன், வேதியியல் ஆய்வாளன். தலைவி பெர்னதத், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். எனக்கு வரவேண்டிய பதவி அது. பிசினை முழு வெளிச்சத்தில் ஒரே பூச்சாக இறுக்கலாம் என்ற என் கட்டுரை தவறு என்று, பதினொரு வருடம் முன் நிறைந்த அரங்கில் காட்டியவளும் அவளே. இன்றைய வேலை: அவள் அறையின் வெளிச்சுவரில் உள்ள விரிசலை அக்ரிலிக் பிசினால் அடைப்பது.

09.30 – அடைப்பு
அவள் முறை: புறஊதா விளக்கைக் குறைத்து வைத்து, மெல்லிய அடுக்குகளாக இறுக்க வேண்டும். வேகமாக இறுகும் பிசினில் சுருக்கம் இழுவிசையாகத் தங்கி, பிறகு விளிம்பைப் பிய்க்குமாம். வானொலியில் சிரித்தாள்: “சார், பழைய ஞாபகத்துல வறுத்துறாதிய. இட்லி மாதிரி மெதுவா வேகணும்.”
முழு வெளிச்சத்தில், ஒரே பூச்சாக முடித்தேன். கல்லாக இறுகியது. “உன் முறைப்படியே போட்டேன்” என்றேன். ஒரு மாதம் தாங்கியபின் உண்மையைச் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க ஆசை.

14.00 – கசிவு
விளிம்பு பிய்ந்துவிட்டது. அவள் அறைக் கதவு தானே பூட்டிக்கொண்டது. உள்ளே அவள். விண்வெளி உடையை மாட்டிக்கொண்டாள். அதில் ஒரு மணி நேரக் காற்றுகூட இல்லை. விரிசலை அடைத்து, அறையில் காற்று ஆறு மணி நேரம் கசியாமல் நின்றால்தான் பூட்டு விடும். உள்ளே ஒரே ஒரு குப்பி பிசின்.
“என் கணக்குதான் தப்பு சார். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் உங்களைப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க. இந்தத் தடவை உங்க முறைதான். முழு வெளிச்சம் போடுதேன்.”
இந்த வார்த்தைக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தேன்.

14.06
வானொலிப் பொத்தானை அழுத்தி ‘வேண்டாம்’ என்றால் போதும். ஏன் என்று கேட்பாள். அதனால் அழுத்தாமல் இதை எழுதுகிறேன். இந்தப் பதிவைப் படிக்கப்போகும், முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளிடம் முடியவில்லை.

14.09
அவள் விளக்கு நூறு சதவீதத்தில் எரிகிறது.

14.11
“பிடிச்சிட்டு சார்! கல்லு மாதிரி இருக்கு. காத்தைத் திறந்து விடுங்க.”
திறந்தேன். காலையிலும் கல் மாதிரிதான் இருந்தது. நான்கரை மணி நேரம்தான் தாங்கியது. பூட்டு விட ஆறு வேண்டும்.
“எவ்வளவு நேரம் தாங்கும் சார்? உடையைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு தூக்கம் போடலாமா?”

14.13
அழுத்திவிட்டேன். அவள் பெயரைச் சொன்னேன்.
“சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”