கிரில் பண்ண வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

துணிக்கடைத் தீ விபத்து விசாரணை ஒருவழியாக முடிந்தது. கடைக்காரர் முதலில் மின்கசிவு என்றுதான் சாதித்தார். நான் விடவில்லை. கடைசியில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போனது அவர் மச்சான் என்பது வெளியே வந்தது. "சார், இழப்பீடே வேணாம். கேள்வியை நிறுத்துங்க, அது போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இன்சூரன்ஸ் வேலையில் இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

சாயங்காலம் மகளிடமிருந்து செய்தி. ஞாயிற்றுக்கிழமை அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறாளாம். அவர் என்றால், இவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோது வந்து கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக். இப்போது இவள் கட்டிக்க நினைப்பவர். கடைசியில் ஒரு வரி: "அப்பா, அன்னைக்கு மட்டும் கிரில் பண்ணாதீங்க. ப்ளீஸ்."

மனசு வாடிப்போச்சு. மாடியில் இருக்கும் என் கிரில் அடுப்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அதில் நான் வாட்டும் கோழியைத் தின்று வளர்ந்தவள்தானே?

மார்ச் 5, வியாழன்

"ஏன் வேணாம்கிறா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அந்தத் தம்பிக்குப் புகை ஒத்துக்காதோ என்னவோ. இல்ல, ஜன்னலுக்கு கிரில் போட வெல்டரை வரச் சொல்லியிருந்தோமே, அதைச் சொல்றாளோ?"

எதற்கு வம்பு? வெல்டரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

அடுப்பைத் துடைத்து, உறை போட்டு மூடியாயிற்று. பெத்த பொண்ணுக்காக என்னதான் செய்ய மாட்டோம்.

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆள் நல்ல உயரம். வாசல்படியில் குனிந்து வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மீனை ஆவியில் வேகவைத்திருந்தேன். காய்கறியும் அப்படியே. பிறகு ஒரு சூப். மேஜையில் ஒரு கரி வாசனை கிடையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியுமா? பேச்சுக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி? அதுக்கு முன்னாடி? அதை ஏன் விட்டீங்க? நீங்களா விட்டீங்களா, அவங்க விடச் சொன்னாங்களா? அப்போ நடுவுல கொஞ்ச நாள் இடிக்குதே, எங்க இருந்தீங்க? மனைவி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். தெரியாமல் பட்டுவிட்டது என்று காலை நகர்த்திக்கொண்டேன். "அப்பா, சூப் ஆறுது" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சூடாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

"இதுக்கு முன்னாடி கல்யாணப் பேச்சு ஏதாவது?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நிச்சயம் வரைக்கும் போச்சுங்க. நின்னுபோச்சு."

மகள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிகிறது.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்று அவரிடம் கேட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கிரில் பண்ணாதீங்கன்னு சொன்னேன்ல!"

"எங்கம்மா பண்ணேன்? எல்லாம் ஆவியில வெந்ததுதானே?"

என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை. பையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். அவர் மட்டும் மனைவியிடம் "மீன் நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினார்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கேட்டேன். "கிரில்னா சமையல் மட்டும் இல்ல சார். ஒரு ஆளை உக்கார வச்சு, திருப்பித் திருப்பிப் போட்டுக் கேள்வி கேக்கறது. தணல்ல வாட்ற மாதிரி."

"நான் எப்பவாவது அப்படிப் பண்றேனா?"

ஆபீஸ் மொத்தமும் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தது.

வறுத்தெடுக்கறதுன்னு நமக்கே ஒரு வார்த்தை இருக்கே! அதைச் சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே. புரிந்திருந்தால்? கேட்காமல் இருந்திருப்பேனா? தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மகள் போனை எடுக்கவில்லை. மனைவியிடம் மட்டும் பேசுகிறாள். மனைவியும் பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறாள். பொண்ணு வாழ்க்கையை நானே கெடுத்துட்டேனா?

மார்ச் 12, வியாழன்

அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. கேள்வியே கேட்பதில்லை என்ற முடிவோடு போயிருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று போன பிறகுதான் தெரிந்தது.

"நல்லா இருக்கீங்க" என்றேன்.

"என்ன சார்?"

"இல்ல... நல்லா இருக்கீங்கன்னு சொல்றேன்." பிறகு எப்படியோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். "நீங்க கேட்டதே நல்லதாப் போச்சுங்க. ரொம்ப நாளா சொல்லணும்னு வாயெடுப்பேன். பயத்துல லிஃப்டைப் பத்தியே பேசிட்டு வந்துடுவேன்."

அந்தக் கல்யாணம் ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வேறொருவர்மேல் விருப்பமாம். அவள் பேர் கெட வேண்டாம் என்று, தனக்குப் பிடிக்கவில்லை என்று இவரே சொல்லி நிறுத்தியிருக்கிறார். ஊரெல்லாம் இவரைத் திட்டியிருக்கிறது. வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"அவகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் போன் பண்ணினாள்! "அப்பா, நானே அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டுட்டேன். ஒண்ணு விடல. மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார்."

"அப்படியே அப்பா புத்தி" என்றாள் மனைவி. இதையும் பாராட்டாகவே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

அவருடைய அம்மா வந்திருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"

"டீக்குங்களா?"

"ரத்தத்துல."

மாத்திரை, தூக்கம், கோபம் எல்லாவற்றையும் விசாரித்தார். வாசலில் நிற்கும் காரில் அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்றார். யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றேன். எங்கே? எந்தப் பக்கமிருந்து? பள்ளம் அவ்வளவு கீழே இருக்கே? தூணில் இடித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அம்மா, "கல்யாணத்தை ஜூன்ல வச்சுக்கலாமா, ஜூலைலயா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில் "ஜூன்" என்றார்கள்.