நாற்காலியோடு ஒட்டிய அக்கா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று முதலில் எழுது. உங்க அப்பா போன் செய்து, அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது, ஃபாக்டரியையே இழுத்து மூடப் பார்த்தாள் என்று சொல்லியிருப்பார். அதில் பாதிதான் உண்மை, எந்தப் பாதி என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

நாங்கள் செய்வது நாற்காலி என்று உனக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலிக் குவியலுக்கு நடுவில் நிற்கிறோம், ஆனால் ஒருத்தரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மரத்தில் கீறல் விழும், கீறல் விழாவிட்டால் மனுஷனுக்குச் சோம்பல் வரும், இதுதான் முதலாளியின் சித்தாந்தம். சுழல் நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டேதான் இதைச் சொன்னார். உப்புத்தாள் தேய்க்கிற நாங்களெல்லாம் சேர்ந்துபோய், ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும், கழிவுக் கட்டையைக் கொடுத்தால் போதும், நாங்களே அடித்துக்கொள்கிறோம் என்று கேட்டோம். அதற்குப் பதிலை அவர் நேரில் சொல்லவில்லை, சூப்பர்வைசர் வாயால் சொல்லியனுப்பினார். சூப்பர்வைசர் யார்? உன்னைப் பெற்ற மகராசன்தான். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, ஸ்டூலெல்லாம் கிடையாதுங்க, தயவுசெஞ்சு போய் வேலையப் பாருங்க என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் கண்டிராத மரியாதை! அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த நாற்காலி, ஸ்டூல், பலகை எல்லாவற்றையும் பின்னறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கட்டிலில் படுக்கலாம், அதிலும் தரையிலும் உட்காரக் கூடாது என்று சட்டமும் போட்டேன். மனுஷன் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டார். செய்தித்தாளோடு கக்கூசுக்குள் போனால் வெளியே வருவதே இல்லை, உட்கார வீட்டில் அந்த ஒரு இடம்தானே பாக்கி. நானும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன், வீம்பு என்று வந்தபிறகு முழங்காலைக் கேட்டுக்கொண்டா இருக்க முடியும்.

இப்படி இருக்கும்போதுதான் வார்னிஷ் அக்கா விஷயம் நடந்தது. வார்னிஷ் பூசுகிற அக்கா, அதனால் அந்தப் பெயர், தனியாளாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். போன வாரம் ஒருநாள் புழுக்கமும் அந்த வாடையும் சேர்ந்து தலையைச் சுற்ற, அப்போதுதான் பூசி முடித்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. நாங்கள் நாலைந்து பேர் பிடித்து இழுத்தோம், அக்கா வந்தாள், நாற்காலியும் வந்தது, இரண்டும் பிரியத்தான் இல்லை. அந்த நேரம் பார்த்தா முதலாளி வரவேண்டும்? நான் உட்காரவே இல்லீங்க என்று அக்கா சத்தியம் செய்தாள், பின்னால் நாற்காலி தொங்க. சீட்டைக் கிழித்தாகிவிட்டது, வீட்டுக்குப் போ என்றுவிட்டார். அவளும் ரோஷக்காரி, போனாள், நாற்காலியோடு. கேட்டில் வாட்ச்மேன் மறித்துக்கொண்டார். நீ போகலாம்மா, நாற்காலி போகக் கூடாது, ஃபாக்டரிச் சரக்குக்கு கேட் பாஸ் வேணும் என்கிறார். அந்த மனுஷனுக்கும் வேலை போய்விடுமே. அப்படின்னா உடுப்பைக் கழட்டி வச்சுட்டுப் போகட்டும் என்று பின்னாலேயே வந்த முதலாளி வாய் தவறிச் சொன்னாரே பார், அந்த வாயை மூடுவதற்குள் நாங்கள் அத்தனை பேரும் உப்புத்தாளை வீசிவிட்டு கேட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா கால் கடுத்துப்போய் நட்டநடு வாசலில் உட்கார்ந்தாள், அவளுக்கென்ன, இருக்கை கூடவே இருக்கிறது. அவளைச் சுற்றி நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். சரக்கு ஏற்றிய லாரி பின்னால் நின்று ஹாரன் அடித்தது. அக்காவுக்கு வேலை திரும்ப வேண்டும், எங்களுக்கு ஸ்டூல் வேண்டும், இரண்டும் கிடைக்காமல் எழமாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் சூப்பர்வைசருக்குத்தான். பாஸ் எழுதுய்யா, அவளை நாற்காலியோட வெளிய அனுப்பு என்று முதலாளி கத்த, உங்க அப்பா பாஸ் புத்தகத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு முழித்தார். இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் நான், இருதலைக் கொள்ளி எறும்பு என்றால் அதுதான். கையெழுத்துப் போட்டால் அந்த இரண்டு பிள்ளைகள் கதி என்ன? போடாவிட்டால் நம் வீட்டுக் கதி என்ன? கடைசியில் அவர், நின்னுக்கிட்டு எழுதினா கையெழுத்து கோணுதுங்க என்று சொல்லிவிட்டு, நேரே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் விரித்தார், பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். எழுதியாச்சா என்று முதலாளி கேட்கக் கேட்க, இப்பதானே உட்கார்ந்திருக்கேன், கொஞ்சம் பொறுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை அந்தக் கையெழுத்து விழவே இல்லை. கால் மரத்துப்போச்சு, அதான் எழ முடியலை என்று இன்றுவரைக்கும் சாதிக்கிறார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் உட்காரும்போது பிடித்த என் கையை எழுந்தபோதுதான் விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மரத்தூசி என்று சொல்லி மூக்கைச் சிந்திச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்னறையைத் திறந்துவிட்டேன்.

சரக்கு எங்கே என்று வாங்குகிறவர்கள் போன்மேல் போன் போட, அன்று சாயங்காலமே முதலாளி வழிக்கு வந்திருந்தார். அக்காவுக்கு வேலை உண்டு, எங்களுக்கு ஸ்டூலும் உண்டு. அக்காவைச் சுற்றிப் போர்வை பிடித்து, துணியைக் கத்தரித்து மீட்டோம், உடுப்பின் பின்பாதி இன்னும் அந்த நாற்காலியிலேயேதான் இருக்கிறது. ஸ்டூல் வந்த முதல்நாள் என்ன ஆனது தெரியுமா? உட்கார்ந்த சுகத்தில் பாதிப்பேர் தூங்கிவிட்டோம், நான் உப்புத்தாள் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கியதில் முகமெல்லாம் கீறல். பாத்தியா, நான் அப்பவே சொன்னேன் என்று முதலாளி குதித்தார். இத்தனை வருஷத் தூக்கம்ங்க, ஒருநாள் தூங்கிக்கிறோம் என்றாள் வார்னிஷ் அக்கா. இன்னொன்றையும் சொல்லவேண்டும், அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய சூப்பர்வைசர் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்கிறார், தேய்க்கத் தெரியாமல் விரலைத் தேய்த்துக்கொள்கிறார். அவருக்காக நாங்கள் முதலாளியிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், நீ போனில் இதைக் கிளறி அவரை நோகடிக்காதே, விரலுக்கு மருந்து போடச் சொல்லு போதும்.

நீ வேலை செய்கிற கடையில் எடுத்து அனுப்பிய படம் போனில் வந்தது. முகத்தில் பவுடர் அதிகம், மற்றபடி லட்சணமாக இருக்கிறாய். முன்பென்றால் உன்னை மட்டும் பார்த்திருப்பேன், இப்போது உன் பின்னால் ஒரு நாற்காலி தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், இருக்கும், அந்த மேஜை மறைக்குது என்றார். இருக்கும் என்று சொன்ன மனுஷன் போனைக் கீழே வைக்கவே இல்லை, படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நோய்நொடி அண்டாமல், நாலு பேருக்கு நல்லது செய்து, மனம் நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பதிலில் வேறு எதை எழுத மறந்தாலும் இதை மறக்காதே: அந்த மேஜைக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் உன்கூட நிற்கிறவர்கள் எத்தனை பேர்?

இப்படிக்கு,
உட்கார்ந்தபடி எழுதும்
உன் அம்மா