படித்துப் பார்த்தது யார்?

ஜூன் 4, செம்மண்டலம்

ஒடிசாவிலிருந்து ஒருவர் எங்கள் குழுவில் கேட்டிருக்கிறார். உங்கள் மென்பொருள் பஸ்ஸுக்கு மட்டுமா, படகுக்கும் வைத்துக்கொள்ளலாமா? எதற்காக இதைச் செய்கிறோம் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஆரோக்கியராஜ் போனில்: "வாணி, மிஷன் ஸ்டேட்மென்ட்டுன்னு ஒண்ணு வேணுமாம். சர்வர் ஃப்ரீயா தர்றவங்களும் கேக்குறாங்க, முப்பதாம் தேதிக்குள்ள. எம்.ஏ. தமிழ் நீதான? நாலு வரி போடு."

ஜூன் 7

ஆரம்பித்து ஏழு வருடம். சிதம்பரம், தெற்கு வீதி டீக்கடை. நான், ஆரோக்கியராஜ், ஜாபிர் – மூன்று பேர், ஒரு லேப்டாப். ஜாபிரின் ஊர் குமராட்சி. ஊர்ப் பெயரை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மினிபஸ் எங்கே வருகிறது என்று பதில் வரும். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டோம்.

மென்பொருளின் நிரலைத் தாளில் அச்செடுத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்போம். ஜாபிர் வரிக்கு வரி விரல் வைத்து, சத்தமாக. அவன் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

இப்போது தோஹாவில் இருக்கிறான். எட்டு மாதமாகக் குழுவில் ஒரு சொல் இல்லை.

ஜூன் 15

"தகவல் சமத்துவத்தின் வழியே கிராமப்புறப் பயண உரிமையை மீட்டெடுத்தல்."

நன்றாகத்தான் இருக்கிறது. இல்லையா?

ஜூன் 16

பொறுமை இல்லை. எங்கள் மென்பொருளின் இணையப் பக்கத்தில் நானே சேர்த்துவிட்டேன். முதல் பக்கத்தில் ஜாபிர் எழுதிய பழைய வரி ஒன்று இருந்தது – "பஸ் வருமா வராதான்னு தெரிஞ்சா போதும்." அதை எடுத்துவிட்டேன்.

ஜூன் 17

குழுவில் ஜாபிர்: "படிச்சுப் பார்த்தது யாரு?" வேறொன்றும் இல்லை.

எட்டு மாசமா எங்கடா போன? இப்ப வந்து கேள்வி மட்டும் – தட்டினேன். அனுப்பவில்லை.

எழுதியவரே சேர்க்கக் கூடாது. இன்னொருவர் படிக்க வேண்டும். அந்த விதி வந்ததே என்னால்தான். இரண்டாம் வருட மழையில் ஒரு திருத்தத்தை யாருக்கும் காட்டாமல் சேர்த்தேன். ரோடு முங்கி பஸ் திரும்பிப் போன பிறகும் "வருகிறது" என்றே பதில் போனது. ஜாபிரின் அம்மா ஸ்டாப்பில் மூன்று மணி நேரம் நனைந்தார். அவன் திட்டவில்லை. மறுநாள் விதியை எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டினான்.

மறுபடியும் நான்.

ஜூன் 19

மஞ்சக்குப்பம் மைதானம். ஆரோக்கியராஜுக்கு என் வாசகத்தைப் படித்துக் காட்டினேன்.

"யாரு பேசுறது இது? கலெக்டரா?"

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான். "ஜாபிர் கடைசியா அனுப்புனத நீ பாத்தியா?"

"எது?"

"அப்ப பாக்கல."

போனில் காட்டினான். அக்டோபர் 11. நிரலில் ஜாபிரின் ஏழு வரித் திருத்தம். படிக்க வேண்டியவர்: இசைவாணி.

"நீயாவது படிச்சிருக்கலாம்ல?"

"உம் பேரப் போட்டிருந்தான். நடுவுல நான் யாரு?"

எட்டு மாதம். எனக்காகக் காத்துக்கொண்டு. நான்தான் அவன் பேசவில்லை என்று –

ஜூன் 20

என் வாசகத்தை எடுத்துவிட்டேன்.

அவனுடைய ஏழு வரிகளையும் அச்செடுத்தேன். விரல் வைத்து, சத்தமாக வாசித்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா, "யார்கிட்ட பேசுற?"

ஜாபிருக்கு எழுதினேன்: "ஆறாவது வரி மாத்தணும். மத்ததெல்லாம் சரி. ரொம்ப லேட் பண்ணிட்டேன், மன்னிச்சுடு."

கீழே என் புதிய வரி: "பயணிக்கு, பஸ் வருமா வராதா என்று தெரிய வேண்டும்." படிக்க வேண்டியவர்: ஜாபிர்.

ஜூன் 24

குழுவைத் திறந்து பார்த்தேன். ஜாபிர் இன்னும் படித்துச் சேர்க்கவில்லை.

ஜூன் 28

"நான் பாத்து சேர்த்துடவா? ரெண்டு நாள்தான் இருக்கு," என்றான் ஆரோக்கியராஜ்.

வேண்டாம் என்றேன்.

ஜூன் 30, சிதம்பரம்

வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். தெற்கு வீதி, அதே டீக்கடை பெஞ்ச்.

நான்கு மணிக்கு ஜாபிரின் பதில் வந்தது. ஆறாவது வரியைத் திருத்தியிருக்கிறான். என் வரியில் "பயணி"யையும் "பஸ்"ஸையும் அடித்திருக்கிறான். "படகுக்கும் நிப்பாங்கல்ல? சேர்த்துட்டேன்."

முதல் பக்கத்தில் இப்போது:

காத்து நிற்பவருக்கு, வருமா வராதா என்று தெரிய வேண்டும்.

எழுதியது: இசைவாணி. படித்தது: ஜாபிர்.

விரல் வைத்து ஒருமுறை வாசித்தேன். டீ ஆறிவிட்டது.