பார்க்க வந்தவன் நான் ஒருவன்

14 மார்ச் 2015, சனி. இன்டர்லாக்கன், சுவிட்சர்லாந்து.

அமெரிக்க இராணுவக் கல்லூரி ஒன்றின் வாள்வீச்சு அணி மூன்று நாட்களாக நான் வேலை செய்யும் ஹோட்டலில் தங்கியிருக்கிறது. அதில் ஒரு பெண் தமிழ். பெற்றோர் மதுரைக்காரராம். நேற்றுக் காலை நான் தட்டுகளை அடுக்கும்போது வந்து கதைத்தாள்.

"எங்க காலேஜ்ல ஃபுட்பால்னா ஸ்டேடியமே நிரம்பிடும், அங்கிள். அந்த டிக்கெட் காசுலதான் நாங்க இங்க வந்திருக்கோம். எங்களைப் பாக்கத்தான் யாரும் வரமாட்டாங்க."

"நான் வாறன், பிள்ளை."

இன்று மத்தியான வேலை முடிந்து, இரவு வேலை தொடங்குமுன் போட்டி நடக்கும் பக்கத்து ஊரான துன்னுக்கு ரயிலேறினேன். மண்டபத்தில் பயிற்சியாளர்களும் நடுவர்களும்தான் இருந்தார்கள். வாள்வீச்சில் எனக்கு ஒன்றும் விளங்காது. அவள் பின்வாங்கியபோதெல்லாம் "விடாதை பிள்ளை!" என்று கத்தினேன். நடுவர் முறைத்தார். ஒரு புள்ளியால் தோற்றாள்.

முகமூடியைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"எனக்காக யாரும் இப்படிக் கத்துனதே இல்ல, அங்கிள். உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"மனுசி, ரெண்டு பிள்ளையள். எல்லாரும் இருக்கினம்" என்றேன்.

மனைவி பிரிந்து ஆறு வருடம். பிள்ளைகள் லண்டனில் அவளோடு. ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

"அப்ப நாளைக்கு பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி அவங்களையும் கூட்டிட்டு வாங்க, பாக்கணும்."

தலையாட்டிவிட்டேன்.

பஸ் காலை எட்டு மணிக்கு ஹோட்டல் சமையலறை ஜன்னலுக்கு நேரேதான் நிற்கும். எனக்கு ஏழு மணிக்கே அந்தச் சமையலறையில் வேலை.